கரண்ட் போனாலும் கணக்கு தப்பக் கூடாது: சின்னக் கருவிகளில் எஸ்கியூலைட் வைப்பது எப்படி

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் அபார்ட்மென்ட். இருபத்துநாலு வீடுகள், தரைக்கடியில் ஒரு சம்ப், வற்றிப்போன ஒரு போர்வெல். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்கு அல்லாடியபோது எங்களுக்கும் டேங்கர்தான் கதி. மாதக் கடைசியில் பில் வந்தது. டேங்கர்காரர் சொன்ன லோடு எண்ணிக்கையும் வாட்ச்மேன் அண்ணனின் நோட்டில் இருந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்த லோடை யார் எப்போது எழுதினார் என்பதற்குச் சாட்சி ஒன்றும் இல்லை.

அதனால் பம்ப் ரூமில் ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி ஒன்றை வைத்தேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றைச் சம்ப் மூடியில் பொருத்தினேன், வாட்ச்மேன் அண்ணன் அமுக்க ஒரு பட்டன் வைத்தேன். முதலில் எல்லாவற்றையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் கமா போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் மழை, மின்னல், கரண்ட் ஏழெட்டு முறை போய் வந்தது. காலையில் அண்ணன் போன் செய்தார்: “சார், கரண்ட் வந்துருச்சு, உங்க பெட்டி மட்டும் எந்திரிக்கல.” அதன் எஸ்டி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் ஃபைலின் கடைசிப் பகுதி முழுக்க வெற்று பைட்டுகள், முந்தின நாள் வந்த இரண்டு லோடும் காணோம். எந்த ராத்திரிக் கணக்கு வேண்டும் என்று இந்த வேலையைத் தொடங்கினேனோ அதே ராத்திரிக் கணக்கு போயிருந்தது.

அதற்கப்புறம் எஸ்கியூலைட் என்ற, ஒரே ஃபைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸை வைத்து இதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டேன். சென்சார், மீட்டர், கேட், ஃப்ரீசர் என்று எதை இணைத்தாலும், கருவியிலேயே டேட்டாவைச் சேமிக்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்

இந்த நொடியில் பிளக்கைப் பிடுங்கினால் எத்தனை விநாடி டேட்டாவை இழக்கச் சம்மதம்? டேட்டாபேஸை எப்படி அமைப்பது என்பதெல்லாம் இந்தப் பதிலில் இருந்துதான் வருகிறது. பலர் இதைக் கேட்டுக்கொள்ளாமலே இணையத்தில் கிடைத்த செட்டிங்கை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

எங்கள் பம்ப் ரூமில் இரண்டு வகை டேட்டா இருக்கிறது. தண்ணீர் மட்டம் ஒரு நிமிடம் விடுபட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அடுத்த நிமிடம் மட்டம் அங்கேயேதான் இருக்கும். ஆனால் “லோடு வந்தது” என்ற பட்டன் அழுத்தம் ஒன்றுகூடப் போகக் கூடாது, ஏனென்றால் அது பணம். இரண்டுக்கும் ஒரே மாதிரி நடத்தை தேவையில்லை என்பதால் நான் இரண்டு தனி டேட்டாபேஸ் ஃபைல் வைத்திருக்கிறேன்: மட்டத்துக்கு ஒன்று, சம்பவங்களுக்கு ஒன்று. எஸ்கியூலைட்டில் ஒரு ஃபைலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், தனி ஃபைலாக இருந்தால் இரண்டு புரோகிராமும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஏன் எஸ்கியூலைட்

இதற்கு ஒரு நல்ல பின்கதை உண்டு. ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார், கப்பல் சேதமடைந்தால் எந்தக் குழாயின் வால்வை மூடலாம், எதைத் திறக்கலாம் என்று சொல்லும் புரோகிராம் அது. டேட்டாபேஸ் சர்வர் ஓடவில்லை என்றால் அந்தப் புரோகிராமும் படுத்துவிடும். நமக்கு வேண்டியது டிஸ்கில் இருக்கும் தகவலைப் படிப்பது மட்டும்தானே, நடுவில் சர்வர் எதற்கு என்று அவர் யோசித்ததில் 2000-ல் வந்ததுதான் எஸ்கியூலைட். குழாயும் வால்வும் பம்பும் இருக்கும் இடத்தில் அது பொருந்துவது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. தனியாக ஓடும் சர்வர் கிடையாது, ஒரே ஒரு ஃபைல்தான், லைப்ரரியே ஒரு எம்பிக்குப் பக்கத்தில்தான் வரும், காப்புரிமைத் தொல்லையும் இல்லை. 2050 வரை பராமரிப்போம் என்று அந்தக் குழு சொல்லியிருக்கிறது.

512 எம்பி ரேம் உள்ள இந்த ராஸ்பெரி பையில் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய சர்வர் டேட்டாபேஸ் ஓடாது என்றில்லை, ஓடும், ஆனால் இந்த வேலைக்கு அந்தச் சுமை வேண்டாம். டக்டிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் அலசலுக்கு அருமையானது, எஸ்கியூலைட் ஃபைலையே திறந்து படிக்கும், அதை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சாவி போட்டு மதிப்பை எடுப்பது மட்டும்தான் வேலை, அதுவும் பெரும்பாலும் படிப்புதான் என்றால் எல்எம்டிபி என்ற டேட்டாபேஸைப் பாருங்கள். இஎஸ்பி32 மாதிரி 520 கேபி ரேம் உள்ள சில்லில் எஸ்கியூலைட்டைத் திணித்தவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். அங்கே லிட்டில்எஃப்எஸ் என்ற சின்ன ஃபைல் சிஸ்டத்தில் ஒரு சின்ன வரிசையாக எழுதி வைத்து, பக்கத்தில் இருக்கும் பைக்கு அனுப்பி, அங்கே எஸ்கியூலைட்டில் போடுவதே போதும்.

திறந்தவுடன் செய்ய வேண்டியவை

எஸ்கியூலைட்டுக்குச் சொல்லும் செட்டிங் கட்டளைக்கு ப்ராக்மா என்று பெயர். அதில் ஜர்னல் மோட் என்ற ப்ராக்மாவை டபிள்யூஏஎல் (WAL, முன்னதாக எழுதும் ஜர்னல்) என்று மாற்றுங்கள். 2010-ல் 3.7.0 பதிப்பில் வந்த வசதி இது. புதுப் பதிவுகள் முதலில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலின் வாலில் சேரும், பிறகு செக்பாயின்ட் நடக்கும்போது மூல ஃபைலுக்குப் போகும். ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம், எழுதுவதும் வேகம். இந்த மாற்றம் ஃபைலிலேயே பதிந்துவிடும் என்பதால் ஒருமுறை செய்தால் போதும்.

மற்ற ப்ராக்மாக்கள் அப்படி இல்லை, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சிங்க்ரனஸ், பிஸி டைம்அவுட், ஃபாரின் கீ மூன்றும் அந்தக் கனெக்ஷனுக்கு மட்டும்தான். புரோகிராம் மறுபடி கனெக்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு நாள் டெர்மினலில் உட்கார்ந்து போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போனால் உங்கள் புரோகிராமுக்கு அது எதுவும் தெரியாது.

இப்போது முன்பு எழுதிய பதிலுக்கு வாருங்கள். டபிள்யூஏஎல் மோடில் சிங்க்ரனஸை நார்மல் என்று வைத்தால் கரண்ட் போகும்போது டேட்டாபேஸ் கெட்டுப்போகாது, ஆனால் கடைசியாகக் கமிட் ஆன (எழுதி முடித்தாயிற்று என்று எஸ்கியூலைட் சொன்ன) சில பதிவுகள் காணாமல் போகலாம், ஏனென்றால் கமிட் ஆன கையோடு கார்டுக்குத் தள்ளாமல் லினக்ஸ் தனக்கு வசதியான நேரத்தில் தள்ளுகிறது, அது சில பத்து விநாடிகள் வரை தள்ளிப்போகலாம். ஃபுல் என்று வைத்தால் ஒவ்வொரு கமிட்டும் கார்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் திரும்பும். மெதுவானது, ஆனால் போகாது. தண்ணீர் மட்டத்துக்கு நார்மல், டேங்கர் பட்டனுக்கு ஃபுல். பட்டனில் ஒரு எல்இடி வைத்து, கமிட் திரும்பிய பிறகுதான் அதை எரிய விடுகிறேன். விளக்கு எரிந்தால் பதிந்துவிட்டது என்று அண்ணனுக்குத் தெரியும், எரியாவிட்டால் மறுபடி அமுக்குவார். யுஎஸ்பியில் ஒரு சின்ன பேட்டரி பேக் வைத்தால் ஆபத்து இன்னும் குறையும், ஆனால் பேட்டரி இருக்கிறதே என்று இந்த செட்டிங்கை விட்டுவிடாதீர்கள்.

பிஸி டைம்அவுட்டை, அதாவது வேறொருவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தை, ஐயாயிரம் மில்லிவிநாடி வையுங்கள். எழுதப்போகும் ட்ரான்சாக்ஷனை (ஒன்றாகச் சேர்ந்து பதியும் வேலைத் தொகுதி) பிகின் இமீடியட் என்றே தொடங்குங்கள். சும்மா பிகின் என்று தொடங்கி, முதலில் எதையோ படித்துவிட்டு, பிறகு எழுதப் போனால், நடுவில் வேறொருவர் எழுதியிருக்கும்பட்சத்தில் டைம்அவுட் எவ்வளவு வைத்திருந்தாலும் உடனே பிழை வந்து நிற்கும். ‘டேட்டாபேஸ் லாக் ஆகியிருக்கிறது’ என்று புலம்பும் நிறையப் பேருடைய சிக்கல் இதுதான்.

எஸ்டி கார்டு நோகாமல் எழுதுவது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஒரு அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட் என்றால் ஒரு நாளைக்கு 86,400 கமிட். எஸ்கியூலைட் பக்கம் பக்கமாகத்தான் எழுதும், ஒரு பக்கம் 4,096 பைட். டேபிளில் ஒரு பக்கம், வேகமாகத் தேடுவதற்கான இன்டெக்ஸில் ஒரு பக்கம் என்று வைத்தாலே ஒரு கமிட்டுக்கு எட்டு கேபி. ஒரு நாளைக்குச் சுமார் 700 எம்பி, அதுவும் செக்பாயின்டில் மறுபடி எழுதுவதைச் சேர்க்காமல். உண்மையான டேட்டாவோ மூன்று எம்பிகூட வராது. கார்டுக்குள்ளே அழித்து எழுதும் பிளாக் இதைவிடப் பெரியது என்பதால் தேய்மானம் இன்னும் அதிகம். என் முதல் கார்டு எப்படிச் செத்தது என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது.

அளவுகளை ரேமில் சேர்த்து வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ட்ரான்சாக்ஷனாக எழுதினால் 86,400 என்பது 1,440 ஆகிறது. அதற்கு மேலும் குறைக்கலாம்: மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் மட்டும் பதிவு, மாறாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. அந்தப் பத்து நிமிடப் பதிவை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் தண்ணீர் அசையாமல் இருந்ததா, கருவி செத்துக் கிடந்ததா என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியாது. இன்டெக்ஸ் தேவைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். தொடர்ந்து எழுதுவதற்கென்றே விற்கும் ஹை எண்டூரன்ஸ் கார்டு கொஞ்சம் விலை கூடுதல், கொடுங்கள். முடிந்தால் ஓஎஸ் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு டேட்டாவை வேறு பார்ட்டிஷனில் வையுங்கள், கரண்ட் போய் வந்தபின் பெட்டி எழுந்திரிக்காமல் போகும் தொல்லை பெரிதும் குறையும்.

டேபிளில் கவனிக்க வேண்டிய மூன்று

ஒன்று, வகை. எஸ்கியூலைட்டில் முழு எண் என்று அறிவித்த ஃபீல்டில் எழுத்தைப் போட்டாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்ளும். என் சென்சார் புரோகிராம் பதில் வராதபோது “டைம்அவுட்” என்ற சொல்லையே மதிப்பாக அனுப்பிக்கொண்டிருந்தது. எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது எஸ்கியூலைட்டின் வரிசை, அதனால் அன்றைய அதிகபட்ச மட்டம் என்ன என்று கேட்டால் “டைம்அவுட்” என்று வந்து நின்றது. டேபிளை ஸ்ட்ரிக்ட் என்று உருவாக்கினால் இது நடக்காது. ஆனால் அது 2021-ல் 3.37 பதிப்பில்தான் வந்தது, பையின் ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 11-ல் இருப்பது 3.34, 12-ல் 3.40. பழைய இமேஜ் ஓடுகிறதென்றால் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஒன்று போட்டு வகையைச் சோதியுங்கள். மட்டத்தை மில்லிமீட்டரில் முழு எண்ணாகவே வையுங்கள்.

இரண்டு, ஐடி. இது நுணுக்கமானது, மாதக்கணக்கில் தெரியாமல் இருந்து பிறகு கழுத்தைப் பிடிக்கும். சாதாரண முழு எண் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவின் அடையாள எண், டேபிளில் இப்போது இருக்கும் பெரிய ஐடியோடு ஒன்றைக் கூட்டித்தான் அடுத்ததைக் கொடுக்கும். சர்வருக்கு, அதாவது நகலை வாங்கி வைக்கும் வெளிக் கணினிக்கு, அனுப்பி முடித்த பதிவுகளை எல்லாம் நீக்கி டேபிள் காலியானால் மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கிவிடும். சர்வரோ ஒன்றாம் நம்பரை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்று புதியதைத் தள்ளிவிடும். ஆட்டோஇன்க்ரிமென்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் கொடுத்த ஐடியைத் திரும்பக் கொடுக்காது. பொதுவாக அது தேவையில்லை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள், சர்வருக்கு அனுப்பும் டேபிளில் மட்டும் நான் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை.

மூன்று, நேரம். பை ஸீரோவிலும் பை 4-லும் கரண்ட் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம் வாங்கிச் செருக வேண்டும். கரண்ட் வந்து, ஆனால் இன்டர்நெட் இன்னும் வராத அந்த இடைவெளியில், பை பழைய நேரத்தையே நம்பி ஓடும். ராத்திரி இரண்டு மணி லோடு முந்தின நாள் மாலை ஏழு என்று பதியும், பிறகு சண்டைதான். டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூலை ஒரு காயின் பேட்டரியோடு பொருத்துங்கள். அதோடு நிற்காமல் ஒவ்வொரு பதிவிலும் லினக்ஸ் ஒவ்வொரு பூட்டுக்கும் புதிதாகத் தரும் பூட் ஐடியையும், பூட் ஆகி எத்தனை விநாடி ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடிகாரம் தப்பாக இருந்தாலும், நெட் வந்து சரியான நேரம் தெரிந்த பிறகு அந்த பூட்டில் எழுதிய எல்லாவற்றையும் பின்னோக்கிச் சரிசெய்யலாம். சேமிப்பது எப்போதும் யுடிசி விநாடியில், ஐந்தரை மணி நேரத்தைக் காட்டும்போது மட்டும் கூட்டுங்கள்.

சர்வருக்கு அனுப்புவது

கருவியில் இருப்பதே மூலம், சர்வரில் இருப்பது நகல் என்று வைத்துக்கொண்டால் நெட் போவதைப் பற்றிய பதற்றம் போய்விடும். முதலில் கார்டில் எழுது, பிறகு வசதிப்படும்போது அனுப்பு.

ஒவ்வொரு பதிவிலும் ‘அனுப்பியாச்சு’ என்று ஒரு ஃபீல்டு வைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அது ஒவ்வொரு பதிவையும் இரண்டாம் முறை எழுத வைக்கிறது. அதற்குப் பதில் ஒரே ஒரு வரி உள்ள தனி டேபிளில் ‘இந்த ஐடி வரை போய்ச் சேர்ந்தது’ என்று ஒரு எண்ணை வையுங்கள். அதற்கு மேலே உள்ளதில் இருநூறு பதிவை எடு, அனுப்பு, சர்வர் தன் டேட்டாபேஸில் எழுதிவிட்டேன் என்று சொன்ன பிறகு எண்ணை நகர்த்து. எம்க்யூடிடி என்ற, கருவிகள் தகவல் அனுப்பும் முறையில் தர நிலை 1 என்றால் குறைந்தது ஒருமுறை போய்ச் சேரும் என்றுதான் உறுதி, இரண்டு முறையும் சேரலாம். ஆகவே சர்வரில் கருவியின் பெயரும் ஐடியும் சேர்ந்து யுனிக் என்று வைத்து, மோதினால் சும்மா இரு என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கார்டு மாற்றி, பழைய பேக்கப்பில் இருந்து மீட்டால் ஐடிகள் பழைய இடத்தில் இருந்து தொடங்கும். டேட்டாபேஸ் உருவாகும்போதும், பேக்கப்பில் இருந்து மீட்கும்போதும் ஒரு ராண்டம் எண்ணைப் புதிதாகப் போட்டு, அதையும் அந்த யுனிக் கூட்டில் சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது.

பழையதை நீக்குவது, பேக்கப் எடுப்பது

முப்பது நாளுக்கு மேற்பட்ட, சர்வர் வாங்கிக்கொண்ட பதிவுகளை ஐநூறு ஐநூறாக நீக்குங்கள். ஃபைல் சின்னதாகாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காலியான பக்கங்களை அடுத்த பதிவுகள் நிரப்பிக்கொள்ளும். வேக்கும் என்ற கட்டளையை ஓட்டினால் ஃபைல் சுருங்கும், ஆனால் அதற்கு ஃபைலின் அளவைப் போல இரண்டு மடங்கு வரை இடம் தேவைப்படும், சின்னக் கார்டில் அதுவே ஆபத்து.

டபிள்யூஏஎல் ஃபைல் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறதென்றால் யாரோ படித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் ஆனது. செக்ரட்டரி பார்க்கும் டேஷ்போர்டில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் கர்சர் ஒன்றைத் திறந்து மூடாமல் விட்டிருந்தேன், அது பிடித்து வைத்திருந்த பழைய நிலைக்கு அப்பால் செக்பாயின்டால் நகர முடியவில்லை. எல்லாப் பதிவையும் ஒரேயடியாக எடுத்துக் கர்சரை மூடியதும் சரியாகிவிட்டது.

பேக்கப்புக்கு ஃபைலை நேராகக் காப்பி செய்யாதீர்கள். பாதி எழுதிய நிலையில் எடுக்கலாம், இல்லையென்றால் பக்கத்து டபிள்யூஏஎல் ஃபைலில் இருக்கும் புதிய பதிவுகள் விடுபடலாம். வேக்கும் இன்டு என்ற கட்டளை, 2019-ல் இருந்து இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே சுத்தமான ஒரு நகலைத் தனி ஃபைலாகக் கொடுக்கும், பென்டிரைவில் போட வசதி. பெயரின் முடிவில் டபிள்யூஏஎல் என்று இருக்கும் ஃபைலைக் குப்பை என்று நினைத்து நீக்கிவிடவே கூடாது, கமிட் ஆன டேட்டா அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், ஃபைல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் க்விக் செக் ஓட்டுங்கள். தோற்றால் அந்த ஃபைலைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டுப் புது ஃபைலில் தொடங்குங்கள், ஒதுக்கியதை லேப்டாப்பில் ரிகவர் கட்டளையால் பிறகு நிதானமாக மீட்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது

இதைச் செய்யாமல் கருவியை இடத்தில் பொருத்தாதீர்கள். ஃபுல் மோடில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை ஒவ்வொன்றாக எழுதிக் கமிட் செய்யும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதுங்கள். கமிட் திரும்பியதும் அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், சுத்தமாக நிறுத்தவெல்லாம் வேண்டாம், அப்படியே பிடுங்குங்கள். மறுபடி கரண்ட் கொடுத்து டேட்டாபேஸில் கடைசி எண் என்ன என்று பாருங்கள். லேப்டாப் கடைசியாகப் பார்த்த எண்ணோ அதைவிடக் கூடுதலோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் உங்கள் செட்டிங்கில் தவறு, இல்லையென்றால் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று சொல்கிற கார்டு. நான் சோதித்த மூன்று கார்டில் ஒன்று அப்படி இருந்தது, எஸ்கியூலைட் என்ன செய்தாலும் அந்தக் கார்டைக் காப்பாற்ற முடியாது.

டேங்கர் கணக்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. எங்கள் சம்பின் தளம் நான்கு மீட்டருக்கு மூன்று, அதாவது பன்னிரண்டு சதுர மீட்டர். 12,000 லிட்டர் லோடு இறங்கினால் மட்டம் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும், 6,000 என்றால் அரை மீட்டர், அந்த நேரத்தில் மோட்டார் ஓடாமல் இருந்தால். பட்டன் பதிவு ஒரு ஃபைலிலும் மட்டத்தின் ஏற்றம் இன்னொரு ஃபைலிலும் இருக்கின்றன, இரண்டையும் அட்டாச் செய்து நேரத்தால் பொருத்தினால் ஒவ்வொரு லோடுக்கும் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று ஒரே குவெரியில் வந்துவிடும். எங்கள் செக்ரட்டரி மாதாமாதம் அந்தப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து டேங்கர்காரரோடு உட்கார்ந்து பார்க்கிறார். வாட்ச்மேன் அண்ணன் நோட்டிலும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார், நானும் நிறுத்தச் சொல்லவில்லை.